நாட்டோடு பிறந்த கொழுந்தனார்

ஆவடி பக்கம் எங்கள் சேக்காட்டில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த தேதி கேட்டால் அப்பன்மார் தலையைச் சொறிவார்கள். ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிடுவார். எனக்கு அந்த ஜூன் ஒன்றுகூட இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததே கொஞ்ச நாள்தான். அங்கே என்ன எழுதினார்களோ, அதை எந்தக் கரையான் தின்றதோ.

பிறந்த நாள் கச்சிதமாகத் தெரிந்த ஒரே ஆள் என் கொழுந்தனார், என் வீட்டுக்காரரின் தம்பி. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று காலையில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மருத்துவச்சி அங்கே போய்விட்டாளாம். என் மாமியார் சாகிறவரை அவளைத் திட்டினார். "அவ முட்டாய சப்பிகினு வர்றதுக்குள்ள இவன் பொறந்து அழுதுகினு கீறான்" என்பார்.

அதனால் நாடு முன்னேறுகிறதா என்று தெரிந்துகொள்ள நான் பேப்பர் பார்த்ததில்லை. கொழுந்தனாரைப் பார்த்தால் போதும். அவருக்கும் ஐந்தாண்டுத் திட்டம்தான். ஒரு திட்டத்தில் ஓலைக் குடிசையைப் பிரித்துச் சுவர் எழுப்பினார். அடுத்த திட்டத்தில் தளம் போட்டார். கக்கூசுக்குக் கதவு வைப்பது அதற்கும் அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டது. அதுவரை கோணி தொங்கியது. கோணி தொங்கும்போதே வீட்டுக்குள் கலர் டிவி வந்துவிட்டது.

"இன்னாபா, அந்த டிவிய இட்டாந்து கக்கூசு வாசல்ல வெச்சினா கதவும் ஆச்சி, படமும் ஆச்சி" என்றேன்.

"கவருமெண்டு மட்டும் எல்லாத்தயும் வரிசையாவா செய்யுது? நீ போ அண்ணி" என்றார்.

அது என்னவோ நியாயம்தான். எங்கள் தெருவுக்கும் டெலிபோன் முதலில் வந்தது, சாக்கடை பிறகு வந்தது.

வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஒரு பெரிய பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுப்பார். "எனக்கும் நாட்டுக்கும் பொறந்த நாளு" என்பார். வேறு எதற்கும் பெருமை பேசாத மனுஷர். இந்த ஒன்றுக்கு மட்டும் பேசுவார்.

ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. குடும்பத்துக்கு வெளியே தெரியாதது. சின்ன வயதில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரை ஒன்பது வயதில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் இருந்தால் ரிஜிஸ்டரில் அசிங்கமாக இருக்கும் என்று ஹெட்மாஸ்டர் ஐந்து என்று எழுதிவிட்டார். தேதி என்ன, ஜூன் ஒன்றுதான். பிறகு அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் ஆவடியில் ராணுவ ஃபாக்டரி வேலைக்குச் சேர்ந்தார். ஊருக்குள் அவருக்கும் நாட்டுக்கும் ஒரே வயது. காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஃபாக்டரி கேட்டைத் தாண்டினால் நாலு வயது குறைந்துவிடும். சாயங்காலம் திரும்பும்போது ஏறிக்கொள்ளும். எந்த லேகியத்துக்கும் இந்தச் சக்தி கிடையாது.

இதனால் வெகுநாள் ஒரு தொந்தரவும் இல்லை. ஃபாக்டரிக்காரர்கள் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள், நாங்கள் ஊரில் இருந்தோம். பிறகு எங்கள் கழனியில் கல் நட்டு மனை போட்டார்கள். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் இல்லையா, மதுரைக்காரர், திருச்சிக்காரர், திருநெல்வேலிக்காரர் என்று வரிசையாக வந்து மனை வாங்கினார்கள். நெல் விளைந்த இடத்தில் மாடி வீடு விளைந்தது. தெருவில் விளக்குக் கம்பம் நடுவதற்கு முன்பே நலச் சங்கம் வைத்துவிட்டார்கள். நல்ல ஜனங்கள்தான்.

நாட்டுக்கு ஐம்பது நிறைந்த வருஷம் அந்தச் சங்கத்துச் செயலாளர் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர், ஃபாக்டரியில் வேறு பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். நானும் அப்போது அங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, இந்த வருசம் நம்ம நகர்ல கொடிய நீங்கதான் ஏத்தணும். நாட்டுக்கும் அம்பது, ஒங்களுக்கும் அம்பது. இப்படி ஒரு ஆளு வேற எங்க கெடைக்கும்?"

கொழுந்தனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "மைக்குல சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லாம? பொன்னாடையே போர்த்தப்போறோம். யாரு போர்த்துதாரு தெரியுமா? நம்ம ஃபாக்டரி ஆபீசரு. தொழிலாளிங்க சர்வீஸ் புக்கு பூரா அவரு பொறுப்புலதான இருக்கு, அவரேதான். வாரேன்னு சொல்லிட்டாரு."

கொழுந்தனார் உட்கார்ந்துகொண்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். செயலாளர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு கொழுந்தனார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடையில ஏறி அம்பதுன்னு நின்னா, அந்த ஆளு மறுநாளே புக்க பிரிச்சிப் பாப்பான் அண்ணி. நாப்பத்தாறுன்னு போட்டுக்கீது. பொய் சொல்லி சேந்தான்னு வேலய புடுங்கிடுவாங்க." அவருடைய பெண் அப்போது காலேஜில் இருந்தாள். இன்னும் கல்யாணம் காட்சி எல்லாம் இருந்தது.

"அப்ப ஏறாத" என்றேன்.

"ஏறாமயும் இருக்க முடியல. படிப்புல ஒண்ணும் கெடையாது. நெலமும் பூடுச்சி. என்னுதுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான கீது."

இந்த மாதிரி நேரத்தில் நான் கிண்டல் செய்வேன். அன்று கீரையை ஆய்ந்து முடித்தேன்.

"நீ பொறக்க வேணாம். நான் பொறந்துட்டுப் போறேன்" என்றேன்.

"இன்னா?"

"என் வயசுக்கு எந்த ஆபீசுலயும் காயிதம் கெடையாது. எந்த வருஷம் வேணும்னாலும் பொறப்பேன்."

மறுநாள் செயலாளரிடம் நானே பேசினேன். "அன்னிக்குப் பொறந்தது இவர் இல்லீங்க, நான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "என்ன மதினி சொல்லுதிய? அண்ணாச்சி வருசா வருசம் எங்க வீட்டுக்கே வந்து முட்டாய் குடுத்திருக்காவளே. எனக்கும் நாட்டுக்கும்னு அவங்க வாயாலதான் சொன்னாவ."

"எனக்கும்னா அண்ணிக்கும்தான். நான் பொம்பள, என் பொறந்த நாளுன்னு நானே முட்டாய் எடுத்துகினு தெருத்தெருவா போவ முடியுமா? எனக்காவ அவரு குடுத்தாரு. அண்ணி மேல அவ்ளோ மரியாத."

செயலாளர் கொழுந்தனாரைப் பார்த்தார். "அப்படியா அண்ணாச்சி?"

இத்தனை வருஷம் கொடுத்த மிட்டாய் முழுவதையும் நான் ஒரே வாயில் போட்டுக்கொண்டேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கே உறைத்தது. கொழுந்தனார் தரையைப் பார்த்தபடி, "ஆமாங்க, அண்ணிதான்" என்றார்.

விழா அன்று நகரே கூடியிருந்தது. கொடிக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள், இழுத்தேன், பூ கொட்டியது. ஆபீசர் பொன்னாடை போர்த்தினார். மேடைக்குக் கீழே கொழுந்தனாரைப் பார்த்து, "நீங்க நம்ம ஃபாக்டரி ஆள்தானே?" என்று கேட்டார்.

"ஆமா சார். எங்க அண்ணி சார் அவங்க."

"நாட்டோட பிறந்தவங்க இருக்கிற வீட்டுல இருக்கீங்க. கொடுத்து வெச்சவர்."

"ஆமா சார்" என்றார். குரல் சரியாகத்தான் இருந்தது.

செயலாளர் என் முன்னால் மைக்கைக் கொண்டுவந்து வைத்து, ஐம்பது வருஷத்தில் நாடு எப்படி முன்னேறியிருக்கிறது என்று ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். எனக்குக் கூச்சம் கிடையாது.

"முன்ன தண்ணிக்கு கெணத்தாண்ட சேத்துல நின்னோம். இப்ப லாரியாண்ட தார் ரோட்டுல நிக்கிறோம். நிக்கிறது அதே நிக்கிறதுதான், காலு மட்டும் சுத்தமா கீது" என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு கேட்டதும் என் வாய் நிற்கவில்லை. "முன்ன எல்லாருக்கும் ஒரே மாரிதான் வயசு ஏறும். இப்ப நாடு முன்னேறிடுச்சி, சில பேருக்கு நாலு நாலு வருஷம் ஏறவே மாட்டேங்குது" என்றேன்.

ஆபீசர்தான் பெரிதாகச் சிரித்தார். அவர் தலைக்குச் சாயம் பூசியிருந்ததைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். ரெண்டாவது வரிசையில் கொழுந்தனார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் சைக்கிள் செயினைப் பார்ப்பார். பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

"இந்தா. உன்னுதுதான இது" என்று நீட்டினேன்.

"உனக்குத்தான போத்தினாங்க. நீயே வெச்சிக்க." பிறகு, "மேலேர்ந்து பாக்க எப்டி அண்ணி இருந்துச்சி?" என்று கேட்டார்.

நிறையச் சொல்லியிருக்கலாம். கொடி ஒரு நொடி காற்றில்லாமல் தொங்கியது, பிறகு பிரிந்தது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குக்கூட நான் அன்றுதான் பிறந்தேனோ என்று தோன்றியது. அதையெல்லாம் சொன்னால் அவருக்கு இன்னும் கஷ்டம்.

"எப்டி இருக்கும்? வெறும் தலதான் தெரிஞ்சிச்சி. நடுவுல உன் வழுக்க மட்டும் பளபளன்னு மின்னிச்சி" என்றேன்.

தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இந்தத் தலைக்கு நாப்பத்தாறுன்னு எழுதி வெச்சிகினு, அதயும் ஆபீசரு நம்பறான் பாரு" என்றார். பிறகு, "அடுத்த வருஷமும் முட்டாய் நான்தான் வாங்கணுமா?" என்று கேட்டார்.

"பின்ன? என் பொறந்த நாளாச்சே" என்றேன்.

வாங்கினார். வீட்டுக்கு வீடு, "எங்க அண்ணிக்கும் நாட்டுக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.