தரைப்பாலத்தில் ரிவர்ஸ்

என் கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எனக்கு அத்தை மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவரை பாவா என்றுதான் கூப்பிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் வருடமே சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அது முடிந்து எழுந்து வருபவரால் பஸ்ஸில் நிற்கவும் முடியாது, ஸ்டியரிங் பிடிக்கவும் முடியாது. ஆகவே ஐம்பத்தோரு வயதில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுத் தந்தது டிரைவிங் ஸ்கூல். பாவா கற்றுத் தந்திருந்தால் முதல் வாரமே விவாகரத்து ஆகியிருக்கும்.

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் காலடியில் இல்லாத பிரேக்கை மிதிப்பார். ஆட்டோக்காரன் குறுக்கே வந்தால் அவனை விட்டுவிட்டு என்னைத் திட்டுவார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. சோளிங்கர் கூட்டுரோடு வரைக்கும் சண்டை, அதற்கப்புறம் கோபத்தில் மௌனம். இப்படித்தான் ஒரு வருடம் போனது.

அந்தத் திங்கட்கிழமை மட்டும் நான் சண்டைக்குப் போகவில்லை. முந்தைய சனிக்கிழமை காய்ச்சல் வந்ததால் டயாலிசிஸைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். இரண்டு நாளில் அவருக்குக் கால் வீங்கி, முகம் உப்பி, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. "திங்கக்கிழமை எப்பாடு பட்டாவது வந்துடுங்கம்மா, இன்னொரு நாள் தள்ளினா தாங்க மாட்டார்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

வெயில் பளீரென்று அடித்தது. மழை நின்று இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆனால் ஆற்றுத் தரைப்பாலத்துக்கு வந்தால் பாலத்துக்கு மேலே செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆறு அப்படித்தான். ஆந்திராவில் அணையைத் திறந்தால் இங்கே வெயிலிலேயே வெள்ளம் வரும். நான் காரை நிறுத்தினேன்.

"இன்னாத்துக்கு நிறுத்தற? ஓரத்துல வெள்ளைக் கல்லு தெரியுது பாரு. கல்லு தெரிஞ்சா போவலாம். எத்தினி வருஷம் போயிருக்கேன்."

"பயமா கீது பாவா."

"ஃபர்ஸ்ட் கியர்ல மெதுவா வுடு. நடுவுல நிறுத்தாத."

மணி எட்டேகால். எட்டரைக்கு அவருக்கு மெஷின். நான் இறக்கினேன்.

இரண்டு கார் நீளம் போயிருப்போம். கதவுக்கு வெளியே தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. ஸ்டியரிங் திடீரென்று கனமில்லாமல் போனது. நான் திருப்பாமலே காரின் முன்பக்கம் லேசாக இடதுபுறம் நகர்ந்தது. பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பாவா ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். முப்பது வருடமும் அந்தக் கல்லை அவர் பஸ் சீட்டின் உயரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். கல் முக்கால்வாசி முழுகினாலும் பஸ்ஸுக்குத் தண்ணீர் டயரில் பாதிதான் வரும். எங்கள் காருக்கோ கதவு வரைக்கும் வந்துவிடும். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ரிவர்ஸ் எடு," என்றார்.

ரிவர்ஸ்தான் எனக்கு வராது. "என்னால முடியாது பாவா!"

"முடியும். ஆக்சிலேட்டரை வுடாத, எஞ்சின் நின்னுச்சின்னா தண்ணி உள்ள ஏறிடும். கிளட்ச்ச பாதில வெச்சிக்க. நீ உன் பக்கக் கண்ணாடிய மட்டும் பாரு. இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்."

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்பக்கம் பார்த்துக்கொண்டு, கண்டக்டர்கள் பஸ்ஸைத் தட்டுவது போல் கார் கதவைத் தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம், நிறுத்தினால் நிறுத்த வேண்டும். எஞ்சின் அலறியது. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் தட்டினார். நான் கண்ணாடியில் தெரிந்த வெள்ளைக் கற்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்சக்கரம் காய்ந்த தாரில் ஏறியபோதுதான் மூச்சு விட்டேன்.

பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றிருந்தது. அதன் டிரைவர் இறங்கி வந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும்.

"டேம் தொறந்துட்டாங்கன்னு போன் வந்துகினே கீது, பஸ்ஸையே திருப்பச் சொல்லிட்டாங்க. இதுல காரை எறக்கினது யாரும்மா? அறிவு வேணாம்?"

தன் தொழில்காரன் எதிரில் பாவா தலைகுனிவதை என்னால் பார்க்க முடியாது. "நான்தாம்பா, தெரியாம எறக்கிட்டேன்" என்றேன்.

"இல்லப்பா. அது வேணாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் போவச் சொன்னேன். தப்பு என்னுது," என்றார் பாவா.

முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து தப்பு என்னுடையது என்று வந்து நான் கேட்டதே இல்லை. அந்த டிரைவர் கோபம் தணிந்து, ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டதும் வழி சொன்னார். "நகரி வழியா சுத்திப் போங்க, அங்க பாலம் ஒசரம். பிரேக்கு நனைஞ்சிருக்கும், கொஞ்ச தூரம் லேசா மிதிச்சிகினே போங்கக்கா." பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து எங்களுக்குத் திரும்ப இடமும் விட்டார். அவர் ஊர் பேர் தெரியாது. இன்றைக்கும் அந்த வழியில் எந்த பஸ் எதிரே வந்தாலும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன்.

நகரிக்கு அப்புறம் வரும் திருப்பதி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அதுவரை நான் ஓட்டியதில்லை. அன்று ஓட்டினேன். பாவா ஒரு முறைகூட காலடியில் மிதிக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. எங்கள் மெஷினில் வேறொருவர் இருந்தார். ஆனால் சிஸ்டர் கோபிக்கவில்லை. பக்கத்து மெஷின் காலியாகும்வரை பாவாவுக்கு ஆக்சிஜன் வைத்து உட்கார வைத்தார், பிறகு தன் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு நாலு மணி நேரமும் முழுதாக ஓட்டித் தந்தார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

மூச்சு சீரானதும் பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார், "ஆத்துல தண்ணி போவுதாமே, எப்டி வந்தீங்க?"

"நான் ஓட்டியிருந்தா இந்நேரம் ஆத்துலதான் இருந்திருப்பேன். ஓட்டுனது எங்க வீட்டுக்காரிங்க. நல்ல டிரைவரு," என்றார் பாவா.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, வெளியே போய் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.