மூன்று முறை அழித்த பெயர்

இது நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. நள்ளிரவு கிடையாது, புளியமரமும் கிடையாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஒரு விடுமுறைத் திங்கட்கிழமை, பட்டப்பகலில், என் பக்கத்து மேசைக்காரி லாவினியாவுக்கு நடந்தது. அவள் வாயால் சொல்லி நான் கேட்டேன். பொய் சொல்லத் தெரிந்தவள் அல்ல. ஒரே ஒரு தடவை சொன்னாள், அதுதான் இந்தக் கதை.

எங்கள் மென்பொருளுக்கு ஒரே வேலை. தனியாக வாழும் முதியவர்களுக்குத் தினமும் காலையில் அதுவே போன் செய்யும். எடுக்காவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பும். புதிய பதிப்பைச் சோதிப்பது லாவினியாவின் பொறுப்பு. நூற்றுக்கணக்கான பெயர்களைக் கையால் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் கற்பனைப் பெயர்களை டேட்டாபேஸில் அட்டவணையாகப் போட்டு, சோதனை ஸ்கிரிப்டை அதோடு இணைத்துவிட்டாள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியாக எடுத்து ஓட்டும். போன் போனால் பச்சை. போகாவிட்டால் சிவப்பு.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வரி சிவப்பு. சேய்னி ஃபா'ஓனு. வாய்க்கு வந்தபடி அவளே அடித்த பெயர். லாவினியா பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்தவள். அவர்கள் பெயர்களில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் இடம் வரும். எழுதும்போது அங்கே ஒரு சின்னக் கொக்கி போடுவார்கள். விசைப்பலகையில் அந்தக் கொக்கி இல்லை. எல்லோரையும் போல அவளும் மேற்கோள் குறியைத் தட்டியிருந்தாள். பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்ட மென்பொருள், ஆளையே விட்டுவிட்டது.

குழுத் தலைவர் ப்ரென்ட் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன லாவினியா, பச்சையாயிடுச்சா? மூணு நாள் லீவு. என் படகு காத்துக்கிட்டிருக்கு."

"ஒரு வரி மட்டும் அடம் பிடிக்குது. எங்க ஊர்ப் பேரு."

"உங்க ஊர்ப் பேரா? எனக்கே வாய் சுளுக்கும். மெஷின் பாவம், என்ன பண்ணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் அந்த வரியை அழித்தாள். எல்லாம் பச்சை. அன்று மாலையே புதிய பதிப்பு வெளியே போய்விட்டது.

சொந்த ஊர்ப் பெயரைத் தன் கையாலேயே தள்ளிவிட்டோமே என்று இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறன்று தேவாலயத்தில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் அந்தத் தொண்டை அடைப்புதான் காதில் விழுந்தது. திங்கட்கிழமை தனியாக அலுவலகத்துக்கு வந்தாள். தவறை ஒப்புக்கொள்ள அல்ல. இன்னொரு முறை பச்சையைப் பார்த்தால் மனம் அடங்கும் என்று.

ஸ்கிரிப்டை ஓட்டினாள். கடைசியில் ஒரு சிவப்பு. அழித்த அதே வரி.

நாமேதான் சரியாக அழிக்கவில்லை போல என்று மறுபடி அழித்துவிட்டு ஓட்டினாள். பச்சை… பச்சை… பச்சை… சிவப்பு.

இந்த முறை உற்றுப் பார்த்தாள். பெயரில் மேற்கோள் குறி இல்லை. அசல் டோங்கக் கொக்கி இருந்தது, வளைய வேண்டிய பக்கம் வளைந்து. அந்த அலுவலகத்தில் அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

ப்ரென்ட்டுக்குப் போன் செய்தாள். பின்னால் அலைச் சத்தம்.

"என் அட்டவணையில கை வெச்சீங்களா?"

"நான் மீன்லதான் கை வெச்சிருக்கேன். வீட்டுக்குப் போம்மா."

போனை வைத்தாள். முடிவு எழுதும் கட்டத்தில் 'தோல்வி' என்று இருக்க வேண்டும். வேறு ஒரு சொல் இருந்தது.

ஃபாகாமோலேமோலே.

டோங்கா மொழியில், 'தயவுசெய்து'.

வரியை அழித்ததை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். வேலை போய்விடும்… மானம் போய்விடும்… மூன்றாம் முறையாக அழித்தாள். மணி பதினொன்று நாற்பது.

ஓட்டினாள்.

பச்சை.

எல்லாம் பச்சை.

அந்த வரி… பிறகு வரவேயில்லை.

"அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு," என்றாள் என்னிடம். அதைச் சொல்லும்போதுதான் உடைந்து அழுதாள்.

அந்தத் திங்களுக்கு மறுநாள், எங்கள் சேவையில் இருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவை அக்கம்பக்கத்தார் உடைத்தார்கள். சனிக்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். மூன்று காலையும் அவருக்குப் போன் போகவில்லை. பெயர், சேய்னி ஃபா'ஓனு.

விழுந்தவுடன் உயிர் போகவில்லை என்றார் மருத்துவர். திங்கட்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்புதானாம்.

பேய் என்றால் செத்த பிறகு வருவது. அந்தத் திங்கட்கிழமை லாவினியா அழித்த இரண்டு முறையும், அவர் உயிரோடு இருந்தார்.