மிருதங்க டீச்சர் வீட்டில் தாளம் போட்ட வேலை

வீட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்று சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அந்தத் தைரியம்தான்.

1. ரவை

சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பை ஒட்டின தெருவில் கோகிலா டீச்சர் வீடு. மிருதங்கம் சொல்லித் தருகிறவர். ஒரு பெண்பிள்ளை மிருதங்கம் வாசிப்பதையே நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். வயது நாற்பதுக்குள் இருக்கும். பாத்திரம் கழுவ, கூட்டித் துடைக்க என்று என்னை வைத்துக்கொண்டார்.

முதல் நாள் போனதும், "பாவாயிக்கா, கொஞ்சம் ரவையில தண்ணி விட்டுப் பிசைஞ்சு வைங்க, பசங்க வந்துருவாங்க" என்றார். பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கத்தான் என்று நினைத்து, உப்புப் போட்டு, வெங்காயம் பச்சைமிளகாய் அரிந்து கலந்து, அடை தட்டுகிற பதத்தில் பிசைந்து வைத்தேன்.

டீச்சர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"அக்கா, இது மிருதங்கத்துக்குங்கக்கா!"

மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அதன் நடுவில் ஈர ரவையை அப்பினால்தான் கும்கும் என்று சத்தம் வரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு எல்லாரும் அடை தின்றுவிட்டுத்தான் வாசித்தார்கள். டீச்சரும் ரெண்டு தின்றார். ஒரு சுடுசொல் சொல்லவில்லை. நல்ல இடம் கிடைத்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

2. செவ்வாய்க்கிழமைக்காரர்

அதற்கு அடுத்த வருஷம் முருகேசன் வந்து சேர்ந்தார். ஜலகண்டாபுரத்துக்காரர். விசைத்தறி ஓட்டுகிறவர், டீச்சரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். யாரோ வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே சின்ன வயதில் தானாகக் கற்றுக்கொண்டாராம். தறிக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வருவார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

முதல் நாள் அவர் வாசித்தபோது நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். சங்கீதம் தெரியாதவளுக்கே உடம்பு ஒரு மாதிரி ஆயிற்று. அவர் போனபின் டீச்சர் என்னிடம், "இந்த மாதிரிக் கை எங்கிட்ட வந்ததே இல்லீங்கக்கா" என்றார். கண்ணில் தண்ணீர்.

அப்படிச் சொன்னவர்தான் கொஞ்ச நாளில் ஆளே மாறிப்போனார். செவ்வாய்க்கிழமை வந்தால் தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும்.

"அறிவிருக்குதாங்க உங்களுக்கு? என்னத்தைப் பார்த்துட்டு வாசிக்கறீங்க? என் மூஞ்சியைப் பாருங்க!"

திட்டுவார், ஆனால் 'ங்க' போடாமல் திட்ட மாட்டார். முருகேசன் சரிங்க டீச்சர் சரிங்க டீச்சர் என்று தலையை ஆட்டுவார். சுருதி சேர்க்க அவர் மிருதங்கத்தை எடுத்தால், "உங்களுக்கு இந்த ஜென்மத்துல வராது, தள்ளுங்க" என்று பிடுங்கித் தானே கல்லால் தட்டிச் சேர்ப்பார். கூட இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் அதே திட்டு. ரெண்டு பிள்ளைகளின் அம்மாக்கள், "இந்தம்மா என்னங்க பேய் மாதிரிக் கத்துது" என்று நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்த பாயை டீச்சரே சுருட்டி வைத்தார். அடுத்த செவ்வாய் மறுபடி அதே கத்தல். கத்தி முடித்துவிட்டு என்னிடம், "அவருக்குக் காபியில சர்க்கரை தூக்கலாப் போடுங்கக்கா" என்பார். எது நிஜம் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முருகேசனுக்கு ஒரே ஆசைதான். காபி குடிக்கும்போது சொல்வார்.

"எங்கூரு மாரியாத்தா பண்டிகையில ஒரே ஒருக்கா கச்சேரிக்கு உக்காந்து வாசிச்சுப் போடோணுங்க்கா. எங்கூட்டுக்காரி, பக்கத்துத் தறிக்காரங்க எல்லாரும் கீழ உக்காந்து பாக்கோணும். வேறொண்ணும் வேண்டாமுங்க."

டீச்சர் சொல்லாமல் மேடை ஏறக்கூடாது. டீச்சரோ சொல்கிற வழியைக் காணோம்.

3. என் கை

ஒரு செவ்வாய் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, முருகேசனுக்கு எதிரில் உட்காரச் சொன்னார். தாளம் போட வேண்டுமாம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி. மொத்தம் எட்டு.

"எனக்குச் சங்கீதமே தெரியாதுங்களே டீச்சர்."

"தெரியாததுதான் நல்லது. தெரிஞ்சவங்க அவர் வாசிப்புல மயங்கி அவர் பின்னாடியே போயிருவாங்க. நீங்க பாட்டை மட்டும் கேட்டுக் கையைப் போடுங்க."

செல்போனில் பாட்டு ஓடும். பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போடச் சொல்வார். நான் கை போடுவேன், முருகேசன் என் கையையே பார்த்து வாசிப்பார். ஆம்பளை ஒருத்தர் இப்படிக் கண்ணெடுக்காமல் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்காதா? தலையைக் குனிந்துகொள்வேன்.

"கையை நெஞ்சுக்கு நேராத் தூக்கிப் போடுங்கக்கா! விரலு எங்க போச்சு? ஆட்டுக்கல்லா சுத்தறீங்க?"

எனக்கும் திட்டு விழ ஆரம்பித்தது. பாத்திரம் கழுவ வந்தவள் எதற்குத் தாளத்துக்குத் திட்டு வாங்குகிறேன் என்று யோசித்தேன். விட்டுவிட்டுப் போகலாமா என்றும் யோசித்தேன். செவ்வாய் வந்தால் கால் அங்கேதான் போயிற்று.

ஒருநாள் டீச்சர் திடீரென்று, "முருகேசன், இந்தப் பண்டிகைக்கு நீங்க வாசிக்கறீங்க" என்றார். அவர் கும்பிட்டார். டீச்சர் என் பக்கம் திரும்பி, "மேடையில நீங்களும் உக்காரோணுங்க்கா" என்றார். அன்றைக்கு நான் கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

4. ஜலகண்டாபுரம்

கோயில் முன்னால் பந்தல். பாடுகிறவர் சேலத்துப் பெரியவர் ஒருவர், பாட்டு ஐயா என்பார்கள். அவர் பின்னால், முருகேசனுக்கு எதிரே என்னை உட்கார வைத்தார்கள். இஸ்திரி போட்ட சேலையில் நான் கட்டை மாதிரி இருந்தேன். கூட்டத்தைப் பார்க்காமல் என் கையை மட்டும் பார்த்துத் தாளம் போட்டேன். முருகேசன் அப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை. பாட்டு ஐயாவே ரெண்டு தடவை திரும்பி 'பலே' என்றார். முன்வரிசையில் முருகேசன் சம்சாரம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதது.

பாதிப் பாட்டில் கரண்ட் போயிற்று.

பந்தல் மொத்தமும் இருட்டு. மைக் இல்லை. பாட்டு ஐயா நிறுத்தவில்லை. வெறுங்குரலில், கொஞ்சம் நிதானமாகப் பாடிக்கொண்டே போனார். முருகேசன் பழைய வேகத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பாட்டு ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். கூட்டத்தில் ஒரு குரல், "ஏனுங்க, ஆளுக்கொரு பஸ்ஸு ஏறிட்டாங்களாட்டம் இருக்குது?" என்றது. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு பாட்டு இவர் காதில் விழவில்லையா என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து டீச்சர் குரல் வந்தது. செவ்வாய்க்கிழமைக் குரல்.

"பாவாயிக்கா! அவர்கிட்டப் போங்க! முதுகுல போடுங்க! தாளத்தை முதுகுல போடுங்க!"

ஏன் என்று கேட்க நேரமில்லை. தவழ்ந்துபோய்த் தடவிப் பார்த்து முருகேசன் முதுகைக் கண்டுபிடித்தேன். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, திருப்பு. அவர் உடம்பு விறைத்தது. ஒரு நொடி வாசிப்பு நின்றது. அடுத்த எட்டு தொடங்கும்போது சரியாகப் பாட்டோடு வந்து சேர்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்குக் காது கேட்கவில்லை.

தறிக்காரர்கள் எல்லாருமே சத்தமாகத்தான் பேசுவார்கள். தறி ஓடுகிற இரைச்சலில் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். அதனால் இவர் எங்கள் முகத்தையே பார்த்துப் பேசியது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

கரண்ட் வந்தது. நான் ஒரு ஆம்பளையின் முதுகில் தட்டிக்கொண்டிருப்பதை ஊரே பார்த்தது.

"ஆயா, புள்ளைக்கு ஏப்பம் வந்துருச்சுங்களா?" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

5. பந்தலுக்குப் பின்னால்

கச்சேரி முடிந்ததும் பாட்டு ஐயா டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, காது கேக்காதவரையா எனக்கு வாசிக்க அனுப்பினே? முன்னாடியே சொல்றதில்லையா?"

"சொல்லியிருந்தா உக்கார விட்டிருப்பீங்களாங்க ஐயா? இன்னிக்கு வாசிப்புல ஏதாச்சும் குறை இருந்துச்சுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெளிச்சம் இருந்த வரைக்கும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

முருகேசன் தள்ளி நின்றிருந்தார். டீச்சர் வெளிச்சத்தில் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"எப்ப இருந்து தெரியுமுங்க டீச்சர்?"

"நீங்க வந்து ரெண்டாவது மாசமே."

"நான் உங்களை ஏமாத்தீட்டு இருக்கறதா நெனச்சனுங்க. அக்கா கையைப் பார்த்துச் சமாளிச்சுப் போடலாம்னு."

"அந்தக் கையை உங்க முன்னாடி வெச்சதே நான்தானுங்களே."

"அப்பறம் எதுக்குங்க என்னைய அந்தத் திட்டுத் திட்டுனீங்க?"

"கத்துனாத்தான் கொஞ்சமாவது உங்க காதுல விழும். உங்ககிட்ட மட்டும் கத்துனா மத்தவங்களுக்குத் தெரிஞ்சுரும். அதான் எல்லார்கிட்டயும் கத்துனேன்."

முருகேசன் செருப்பை மாட்டினார். சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு நடந்துபோனார். கோபமா, வெட்கமா, நன்றியா, முதுகைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. டீச்சர் அவர் வாசிக்கிற மிருதங்கத்தை எடுத்துச் சுருதி சேர்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிசைந்த ரவை காய்ந்துபோயிற்று. அதற்கு அடுத்த செவ்வாயும் அப்படியே. மூன்றாவது செவ்வாய் பாட்டு ஐயா போன் செய்தார். எடப்பாடிப் பக்கம் ஒரு கோயில் கச்சேரியாம். "ஜெனரேட்டருக்கு நான் சொல்லிட்டேன். அவரையும் தாளம் போட்ட அந்தம்மாவையும் கூட்டிட்டு வா" என்றாராம். டீச்சர் அதை முருகேசன் சம்சாரத்துக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அடுத்த வாரம் முருகேசன் வந்தார். டீச்சர் மெல்லமாக, "வாங்க, உக்காருங்க" என்றார். அவர் உட்காரவில்லை.

"சத்தமாவே சொல்லுங்க டீச்சர். நீங்க மெல்லமாப் பேசுனா எனக்குப் பயமா இருக்குதுங்க."

பிள்ளைகளே, திட்டுகிற இடம் எல்லாமே நல்ல இடம் என்று நான் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போவதற்கு முன்னால், இந்தத் திட்டு யாருக்காக என்று கொஞ்சம் நின்று பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் பாதிதான் தெரியும்.

ஏனென்றால் அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூச்சத்தை விட்டு டீச்சரிடமே கேட்டேன்.

"டீச்சர், என் கை சரியில்லைன்னு என்னையும் திட்டுனீங்களே. அதுவும் அவருக்காகத்தானுங்களா?"

"இல்லீங்கக்கா" என்றார் டீச்சர். "உங்க கை நெசமாலுமே கோணல்தான்."