ஜோசையாவுக்கு நான் கொடுத்த பிள்ளை

மாசசூசெட்ஸில் என் பக்கத்து வீட்டு டோரதி அம்மையார் ஞாயிற்றுக்கிழமைகளில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர். பிக்னிக்காம். எங்கள் ஆம்பூர் வீட்டில் இடுகாட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் உள்ளே நுழைய முடியாது. இந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து வெள்ளரிக்காய் ஊறுகாயைக் கடிக்கிறார்.

அவர் தேடுவது ஜோசையா என்ற மூதாதையை. அமெரிக்கா ஆங்கிலேயருக்குக் கீழே இருந்த நாளில் கப்பலேறி வந்தவர், தோல் பதனிட்டுப் பிழைத்தவர். அவரிலிருந்து தன்வரைக்கும் ஒரு தலைமுறை விடாமல் நிரூபித்தால்தான் குடியேறிகளின் வாரிசுகள் சங்கத்தில் டோரதி சேர முடியும். இலையுதிர்காலக் கூட்டத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும், எழுபத்தெட்டு வயதில் அடுத்த வருஷத்தை நம்ப முடியாது என்பார். நானோ ஷூ கம்பெனி வேலையாக இங்கே வந்தவன். அப்பா ஆம்பூர் டேனரியில் வேலை பார்த்தவர். தோல்காரர் என்றதும் ஜோசையா எனக்குப் பேரணாம்பட்டுப் பெரியப்பா மாதிரி ஆகிவிட்டார். வலியப் போய் உதவிக்கு நின்றேன்.

டோரதி வைத்திருந்த பழைய குடும்பப் பட்டியலில் ஜோசையாவுக்குக் கீழே இன்னொரு ஜோசையா. "இவர் பேரன். நடுவில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார்" என்று அடித்துச் சொன்னேன். எங்கள் பக்கம் தாத்தா பெயர் பேரனுக்குத்தானே வரும்? அம்மாவையும் போனில் கேட்டேன்.

"அப்பன் பேர புள்ளைக்கு எவன்டா வைப்பான்? புருஷன் பேரச் சொல்லி அவ எப்படிறா புள்ளைய திட்டுவா?"

இதை மொழிபெயர்த்தேன். புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தியே நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய டோரதிக்கு அது புரியவில்லை. ஆனாலும் தோல் தெரிந்தவன் சொல்கிறானே என்று தன் வம்சப் படத்தில் இரண்டு ஜோசையாவுக்கும் நடுவே பென்சிலால் ஒரு காலிக் கட்டம் போட்டார்.

நாலு மாதம் தேவாலயம் தேவாலயமாக அந்தக் கட்டத்து ஆளைத் தேடினோம். கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போன பாவி என்று டோரதி அவரைத் திட்டவும் தொடங்கினார். கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று கிடைத்தது. ஜோசையாவின் மகன் ஜோசையா. அவன் மகனும் ஜோசையா. பட்டியலில் இருந்தவர் மகனேதான், நடுவில் யாரும் விட்டுப்போகவில்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

டோரதி ரப்பரை எடுத்துக் கட்டத்தை அழித்தார். "பாவம், இவரைத் திட்டித் திட்டிப் பழகிவிட்டது" என்றார். விண்ணப்பம் கடைசி நாளில் போய்ச் சேர்ந்து, சங்கத்தில் இடமும் கிடைத்தது.

அந்தக் குஷியில் எனக்கும் ஒரு வம்சப் படம் வரைந்து கொண்டுவந்தார். மேலே கொட்டை எழுத்தில் 'முனுசாமி குடும்பம்'. முனுசாமி என் அப்பா. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்தபோது அவர் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. என் மகனுக்கும் அதுதான், அவன் பிள்ளைகளுக்கும் அதுதான் வரும். கருணாகரன் என்ற என் பெயர் என்னோடு சரி. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நான் அரக்கோணமே தாண்டினதில்லடா" என்றார். "அங்க நான் இன்னா பண்றேன்?"

மறுநாள் வாசலில் தபால்பெட்டியைப் பார்த்தேன். முனுசாமி என்றுதான் எழுதியிருக்கிறது. அப்பா இங்கே குடியேறிவிட்டார். நான்தான் இன்னும் வந்து சேரவில்லை.