டீ நேரத்துக்குப் பின் வார்த்த கேன்கள்

எங்கள் அக்கா உல்போசின் இறந்து இன்று நாற்பதாம் நாள். எங்கள் வழக்கப்படி இறந்தவள் பேரில் ஏழு ரொட்டி பொரித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். அதன்பிறகும் கை சும்மா இருக்க மறுக்கிறது.

பாவ்லதார் நகரப் பிளாஸ்டிக் ஆலையின் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடம் எங்கள் நாற்காலிகள் அடுத்தடுத்து இருந்தன. அவளுடையதில் அவள் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆடு மேய்ப்பவர்களுக்குத் தண்ணீர்க் கேன் வார்த்தோம். வெறும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் எங்கள் குளிரில் உடையும், அதனால் ரப்பர் கலப்போம். ரப்பர் கரையாது. பொடித் துளிகளாகப் பரவி நின்றால்தான் விரிசல் ஓடாது.

ஒரு நவம்பர் காலை, இரவெல்லாம் பனியில் கிடந்த பன்னிரண்டு கேன்களை அவள் வழக்கம்போல உதைத்துச் சோதித்தாள். மூன்று பிளந்தன. அதே சரக்கில் இருநூறு கேன் அவள் கையெழுத்தோடு வாசலில் நின்ற லாரியில் ஏறியிருந்தது.

"ரப்பரைக் குறைச்சுட்டியாடா?" என்று மெஷின் ஓட்டும் தொக்தாரைப் பிடித்தாள்.

"உங்க முன்னாடிதானேக்கா எடை போட்டேன். உதைச்ச காலைச் சோதிங்க."

"உன் முதுகுல சோதிச்சுக் காட்டட்டுமா?"

மேலாளர் மக்சூத் வந்தார். "பன்னெண்டுல மூணுதானே, போகட்டும்மா."

"அந்த மூணு யார் வீட்டுக்குப் போகும்ணே? பனிக்காட்டுல அவங்க தண்ணிக்கு எங்க போவாங்க?"

உடைந்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ரப்பர் துளிகள் பெரிது பெரிதாக இருந்தன. கலவையில் மாற்றமில்லை. அறைக்குள் நடந்தாள், நடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன். தொடாமல் வைத்திருந்த இறைச்சிச் சாற்றில் கொழுப்புப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகியிருந்தன. அதையே பார்த்தவள் எழுந்து ஓடினாள்.

"தொக்தார், நேத்து டீக்கு எவ்வளவு நேரம் போனீங்க?"

"மக்சூத் அண்ணன் தன் மகன் கல்யாணக் கதையை முடிக்கற வரைக்கும். பாதிக் கோப்பையில எழுந்தா ஊத்தினவங்க கோவிச்சுக்குவாங்களே."

"மெஷின்?"

"நிறுத்திட்டுத்தான் போனோம். உள்ள இருந்தது ஆறிடக்கூடாதுன்னு சூட்டை மட்டும் விட்டு வெச்சோம்."

கலக்காமல் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் குழம்பில் துளிகள் சேர்ந்துவிட்டன. மறுபடி ஓட்டியதும் முதலில் வந்தது அதுதான். ஒவ்வொரு கேனின் அடியிலும் வார்த்த நேரம் பதிந்திருக்கும். பிளந்த மூன்றும் டீ முடிந்த உடனே வார்த்தவை. நாங்கள் மூவரும் லாரியில் ஏறி இருநூறையும் கவிழ்த்துப் பார்த்தோம். டிரைவர் திட்டிக்கொண்டே இருந்தான். அதே நேரம் பதிந்த முப்பத்தொன்றை இறக்கினோம்.

அன்றிலிருந்து டீ முடிந்து மெஷினை ஓட்டினால் முதலில் வருவது கழிவுக்குப் போகும்.

இன்றைய நாற்பதாம் நாள் விருந்துக்குத் தொக்தார் தாமதமாக வந்தான். "மெஷின் உள்ள கிடந்ததைக் கழிவுல தள்ளிட்டு வந்தேன். இல்லாட்டி அக்கா விடமாட்டாங்க" என்றான். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே டீ குடித்தான்.