அண்ணியின் ஹாரன்

வெளிநாடு போய் வந்தவன் என்றால் எல்லோரும் உயரமான கட்டடங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் நினைவில் நிற்பது அண்ணியின் வலது கை. ஸ்டியரிங்கின் நடுவுக்குப் போகாமல் இருக்க அது பட்ட பாடு.

நான் வண்டிப் பட்டறையில் வேலை பார்ப்பவன். அண்ணன் டிக்கெட் எடுத்துக் கொடுக்க, முதன்முறையாக விமானம் ஏறிப்போய் அவர் வீட்டில் ஒரு கோடை முழுக்கத் தங்கினேன். கூடத்து சோபாதான் என் படுக்கை. விடியுமுன் அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி என்னைத் தாண்டி வேலைக்குப் போவார். பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலை.

ஊரில் அவர் தன் அப்பாவின் தண்ணீர் கேன் வேனை ஓட்டியவர். கழுவுகிற பஸ்ஸை ஒருநாள் ஓட்டிவிட வேண்டும் என்று அங்கே அவருக்கு ஆசை. கம்பெனியே பயிற்சி கொடுத்தது. தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. நான் போனபோது இரண்டு கைநழுவியிருந்தன. மூன்றாவதும் போனால் மறுபடி வாளியும் துடைப்பமும்தான்.

இரண்டு முறையும் காலை வாரியது ஹாரன். நமக்கு ஹாரன் என்பது மரியாதை. ‘வர்றேன், பார்த்துப் போங்க’ என்று சொல்வது. வளைவில் அடிக்காவிட்டால்தான் திட்டு விழும். அங்கே ஆபத்து என்றால் ஒழிய அதைத் தொடக்கூடாது. தொட்டால் முகத்துக்கு நேரே கத்தியது போல. இரண்டாவது தேர்வில், ஓரமாகச் சைக்கிளில் போன ஒரு பெரியவருக்கு அண்ணி லேசாக ஒரு ஹாரன் கொடுத்திருக்கிறார். மனிதர் மிரண்டு நடைபாதைமேல் ஏறிவிட்டார்.

“நல்லதுக்குத்தானே அடிச்சேன் தம்பி” என்றார் அண்ணி.

“குக்கர் விசில் அடிச்சாக்கூட இவ கை எங்க இருக்குன்னுதான் முதல்ல பார்க்கறேன்டா” என்றார் அண்ணன்.

“சிரிங்க. பாஸ் ஆனதும் நீங்க வேலைக்கு பஸ் ஏறற ஸ்டாப்புல நிறுத்தாமப் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் காரை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போவார். பக்கத்து சீட்டில் நான். முதல் நாளே ஒரு சந்து முனையில் என்னையறியாமல், “அடிங்க அண்ணி” என்றேன்.

“நீங்க வாயை மூடிட்டு வந்தாலே எனக்குப் பாதி லைசென்ஸ் கிடைச்ச மாதிரி.”

அதன்பிறகு வாய் திறக்கவில்லை, பார்த்தேன். முதலில் கையை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு காலுக்கு வேலை கொடுத்தார். ஹாரன் அடிக்கத் தோன்றும் இடத்திலெல்லாம் பிரேக்கை மெல்ல மிதித்தார். கை கிளம்புவதற்குள் வண்டி தணிந்திருக்கும். தணிந்த வண்டிக்கு ஹாரன் எதற்கு?

“ஹாரன் அடிச்சா ‘நீ விலகு’ன்னு அர்த்தம். பிரேக் போட்டா ‘நீ போ’ன்னு அர்த்தம். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார், சாலையைவிட்டுக் கண் எடுக்காமல். பட்டறையில் எத்தனையோ பேருக்கு பிரேக் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறேன். அதை இப்படி ஒருவரும் சொன்னதில்லை.

தேர்வன்று நானும் கூடப் போனேன். டிப்போ வாசலை ஒட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன அறை. ஜன்னல் வழியே சுவர்தான் தெரியும். ஊரைச் சுற்றிவிட்டு பஸ் திரும்பும் நேரம். வாசல் பக்கம் ஒரு பெரிய வண்டி வந்து தணியும் சத்தம் கேட்டது. உடனே ஹாரன். லேசாக இல்லை; முழுக் கையையும் வைத்து அழுத்தி, நீளமாக.

போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி உள்ளே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தார்.

“அடிச்சிட்டீங்களே அண்ணி.”

“வாசல்ல ஒரு லாரி, பார்க்காம ரிவர்ஸ் எடுத்துட்டு வர்றான். நான் நிறுத்திட்டேன், அவன் நிறுத்தலை. இடிக்கறதுக்கு ஒரு முழம் இருந்துச்சு. அடிச்சேன், நின்னுட்டான். தேர்வு வைக்கறவர் பேனாவை எடுத்தார். சரி, இதுவும் போச்சுன்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“‘ஹாரன் இதுக்குத்தான் இருக்கு’ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டார்.”

அண்ணன் போனில் கூப்பிட்டார். “ஹாரன் அடிச்சியா?” என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

“அடிச்சேன்” என்றார் அண்ணி.

அண்ணனைக் கொஞ்சம் தவிக்கவிட்டுவிட்டுச் சொன்னார்: “திங்கட்கிழமை ஸ்டாப்புக்குச் சீக்கிரமே வந்து நில்லுங்க. நிறுத்தறதா வேண்டாமான்னு அப்ப யோசிக்கறேன்.”