அக்கா கீறிய முகம்

வெள்ளவத்தை ஓவிய வகுப்பில் முதல்முறையாக ஆளைப் பார்த்து வரையச் சொன்னார்கள். நாங்கள் வரைவதற்காக எதிரே ஒரு பெரியவர் வந்து அமர்ந்தார். கரித்துண்டின் மணம் மூக்கில் ஏறியதும் பழைய ஞாபகம் வந்து, அவரைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் கொட்டாஞ்சேனை வீட்டில் அக்கா அடுப்புக்கரியால் சிமெந்துத் தரையில் அம்மாவை வரைவாள். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அவளுக்கு முகம் காட்டுவா.

"என்னையும் பாருங்கோம்மா, நானும் கீறப்போறன்" என்பேன். அம்மா திரும்பிப் பார்த்ததும் என் விரல்கள் விறைத்துவிடும்.

"நீ செம்பைக் கீறு. அது உன்னைப் பாக்காது" என்று அக்கா சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பா. எனக்கு வயிறு எரியும்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை," என்றார் எதிரே இருந்த பெரியவர். "எனக்கும் இப்பிடி முகம் காட்டி இருக்கிறது இண்டைக்குத்தான் முதல் நாள். நெஞ்சு படபடக்குது."

நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்தேன். வரைகிறவளைப் போலவே பயந்திருக்கும் இப்படியொரு முகம் அக்காவுக்குக் கிடைத்ததேயில்லை என்ற நினைப்போடு முதல் கோட்டை இழுத்தேன்.